நிறமும் பிறப்பும்: தொடக்க கால இஸ்லாமிய நூல்களும் பொருநைக் கரையும்

மனிதரின் நிற வேறுபாட்டைத் திருக்குர்ஆன் நேராகச் சொல்லும் இடங்கள் மிகச் சில. ‘அர்ரூம்’ அத்தியாயத்தின் 22ஆம் வசனம், வானமும் பூமியும் படைக்கப்பட்டதை எடுத்துரைத்த கையோடு, மக்களின் மொழிகளும் நிறங்களும் வெவ்வேறாக இருப்பதையும் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக வைக்கிறது. ‘ஃபாத்திர்’ அத்தியாயம் மலைப்பாறைகளில் வெள்ளையாகவும் சிவப்பாகவும் கன்னங்கறுப்பாகவும் ஓடும் வரிகளைக் காட்டிவிட்டு, மனிதரும் விலங்குகளும் கால்நடைகளும் அவ்வாறே பல நிறத்தவை என்கிறது (35:27-28). இரண்டு இடங்களிலும் நிறம் வியந்து பார்ப்பதற்கு உரியது. யாரையும் அளந்து பார்ப்பதற்கு உரியதாக அது வரவில்லை. அபூதாவூத், திர்மிதி ஆகியோரின் தொகுப்புகளில் உள்ள ஒரு நபிமொழி இதற்குக் காரணமும் கூறுகிறது. ஆதமைப் படைக்க எடுத்த ஒரு பிடி மண் பூமியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சேர்க்கப்பட்டது. ஆகவே அவர் மக்களில் சிவந்தவரும் வெளுத்தவரும் கறுத்தவரும் இடைப்பட்டவரும் பிறந்தார்கள்.

குர்ஆனில் கறுப்பு இழிவாகச் சொல்லப்படுகிறது என்று வாதிடுவோர் வேறு சில வசனங்களை எடுத்துக்காட்டுவது உண்டு. மறுமை நாளில் சில முகங்கள் வெளுக்கும், சில முகங்கள் கறுக்கும் என்று 3:106 சொல்கிறது; 39:60 அதையே வேறு வகையில் சொல்கிறது. இவை தோல் நிறத்தைப் பற்றியவை என்று கொள்ள முடியாது. பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்ட அரபியின் முகம் துயரத்தால் கறுத்துப் போவதை 16:58 கண்டிக்கிறது. அங்கே கறுக்கும் முகத்துக்கு உரியவன், தன் குலப் பெருமை பேசும் அரபி. அவமானத்தில் முகம் கறுத்தது என்று தமிழில் சொல்வதைப் போன்ற வழக்கு அது. குற்றவாளிகள் நீலம் பாய்ந்தவர்களாக எழுப்பப்படுவார்கள் என்று 20:102 கூறுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வசனங்களிலிருந்து எந்த இனத்தாரையும் பற்றிய தீர்ப்பை எடுக்க இடமில்லை என்பது தெளிவாகும். ஆயினும், வெண்மையை நன்மைக்கும் கருமையைத் தீமைக்கும் நிறுத்தும் உருவகம் பிற்காலத்தில் தீங்கற்றதாகவே இருந்துவிடவில்லை. உருவகத்தை உடம்பின் மேல் ஏற்றிப் படிக்கிறவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

சமத்துவம் பற்றிய பேச்சில் முதலில் வருவது ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 13ஆம் வசனம். மனிதர் எல்லாரும் ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் வந்தவர்கள். கிளைகளாகவும் குலங்களாகவும் அவர்கள் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக. இறைவனிடம் மேலானவர் இறையச்சம் மிகுந்தவர். இந்த வசனத்தில் நிறம் என்ற பேச்சே இல்லை. அதை நிறத்தோடு சேர்த்து வைத்தவர்கள் விரிவுரையாளர்கள். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்வாஹிதீ, வசனங்கள் அருளப்பட்ட சூழல்களைத் தொகுத்த தம் நூலில் ஒரு செய்தியைத் தருகிறார். கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, நபிகள் நாயகத்தின் கட்டளைப்படி, முன்னாள் அடிமையான பிலால் கஅபாவின் மேல் ஏறி நின்று பாங்கு சொன்னார். கீழே நின்ற குறைஷிக் குலப் பெரியவர்களில் ஒருவர், பாங்கு சொல்ல இந்தக் கறுப்புக் காக்கையைத் தவிர வேறு ஆள் முஹம்மதுக்குக் கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தார். அந்தப் பேச்சுக்குப் பதிலாகவே வசனம் வந்தது என்கிறது அந்தச் செய்தி. இதே வசனத்துக்கு வேறு சூழல்களும் சொல்லப்படுகின்றன; வரலாற்று நோக்கில் எது சரி என்று அறுதியிட முடியாது. ஆனால், குலத்தைப் பற்றிய வசனம் தோல் நிறத்துக்கும் பொருந்தும் என்று பிற்கால அறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்தச் செய்தியே சான்று.

பிலால் மக்காவில் உமைய்யா இப்னு கலஃபின் அடிமை. அவருடைய தாய் ஹமாமா அபிசீனியப் பெண். இஸ்லாத்தை ஏற்றதற்காகப் பிலால் சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சில் பாறையை ஏற்றி வதைக்கப்பட்டார். அபூபக்ர் அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். மதீனாவில் முதல் முஅத்தின் (பாங்கு சொல்பவர்) ஆனவரும் அவரே. இன்று பொருநை (தாமிரபரணி) வட்டாரத்தில், ஆழ்வார்குறிச்சியை அடுத்த பொட்டல்புதூரிலும் மேலப்பாளையத்திலும் கடலோரக் காயல்பட்டினத்திலும் ஒவ்வொரு நாளும் ஐந்து முறை பாங்கு சொல்லும் மோதினார், அந்த அபிசீனிய அடிமையின் பணியைத் தொடர்கிறவர்.

நபிமொழித் தொகுப்புகளுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. குர்ஆன் பொது நெறியைச் சொல்கிறது; ஹதீஸ்களோ பெயரும் ஊரும் உள்ள மனிதர்கள் வாய் தவறிப் பேசியதையும் அதற்குக் கிடைத்த கண்டனத்தையும் பதிந்து வைத்திருக்கின்றன. இந்த நூல்களின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. எல்லாரும் சமம் என்று அறிவிப்பதைவிட, நெருங்கிய தோழர் ஒருவரையே உன்னிடம் இன்னும் அறியாமைக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கடிந்துகொண்டதை மறைக்காமல் எழுதி வைப்பது கடினம்.

அந்தத் தோழர் அபூதர் அல்கிஃபாரி. புகாரியின் தொகுப்பில் இச்செய்தி ஈமான் (இறைநம்பிக்கை) பற்றிய பகுதியிலேயே வருகிறது. ரபதா என்ற இடத்தில் அவரைப் பார்த்த ஒருவர், அவர் உடுத்தியிருந்த அதே வகை ஆடையை அவருடைய பணியாளும் உடுத்தியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். ஒருமுறை தாம் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியதையும், அதைக் கேட்ட நபிகள் தம்மைக் கண்டித்ததையும், உங்கள் கையின்கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியதையும் அபூதர் விவரித்தார். இழிவுபடுத்தப்பட்டவர் யார் என்பதைப் புகாரி குறிப்பிடவில்லை. அவர் பிலால்தான், கறுப்பியின் மகனே என்று அழைத்ததே வசை என்று வேறு அறிவிப்புகள் நிரப்புகின்றன. அபூதர் தம் கன்னத்தைத் தரையில் வைத்து அதை மிதிக்கும்படி பிலாலிடம் வேண்டினார் என்பது இன்னும் பின்னால் சேர்ந்த விவரம். மேடைப் பேச்சுகளில் இந்தக் கடைசிக் காட்சிதான் அதிகம் வருகிறது. ஆனால் உறுதியான அறிவிப்பில் உள்ள ஒற்றை விவரம், அதாவது பணியாளுக்கும் தமக்கும் ஒரே துணி, அதைவிட ஆழமானது. கண்டனத்தை ஏற்ற மனிதர் அதை வாழ்நாள் முழுதும் தம் வீட்டில் கடைப்பிடித்தார் என்பதை அது காட்டுகிறது.

உஸாமாவின் கதை இன்னொரு வகை. நபிகளின் வளர்ப்பு மகனாகக் கருதப்பட்ட ஜைத் வெளுத்த நிறத்தவர். அவர் மனைவி உம்மு அய்மன் அபிசீனியப் பெண். மகன் உஸாமா கறுப்பாகப் பிறந்ததால் மதீனாவில் பலர் தந்தை வழியைச் சந்தேகித்துப் பேசினார்கள். அங்க அடையாளம் பார்த்து உறவு சொல்வதில் பெயர் பெற்ற முஜஸ்ஸிஸ் என்பவர் ஒரு நாள் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இருவரின் பாதங்களை மட்டும் பார்த்துவிட்டு, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். அதைக் கேட்டு நபிகள் முகம் மலரத் தம் மனைவி ஆயிஷாவிடம் வந்து சொன்னதாக, நபிமொழித் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் பதிந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியின் அளவே அதுவரை இருந்த வேதனையின் அளவைச் சொல்லிவிடுகிறது. கி.பி. 632இல் சிரியாவை நோக்கிப் புறப்பட்ட படைக்கு இளைஞரான இந்த உஸாமாவே தளபதி. மூத்த தோழர்கள் சிலர் அந்த நியமனத்தைக் குறை கூறியதும், நபிகள் அதை மறுத்ததும் நூல்களில் உண்டு. குறைஷிக் குலத்துப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் தமக்கு வந்த இரண்டு சம்பந்தங்களைப் பற்றிக் கேட்டபோது, நபிகள் இரண்டையும் விலக்கி உஸாமாவை மணக்கச் சொன்னார்கள் என்ற செய்தி முஸ்லிமின் தொகுப்பில் இருக்கிறது. அவர் முதலில் விரும்பவில்லை. பிறகு மணந்து நிறைவாக வாழ்ந்ததாகச் சொன்னார்.

தன் மனைவி கறுப்புக் குழந்தை பெற்றாள் என்று ஐயத்தோடு வந்த பாலைவன அரபிக்குக் கிடைத்த பதிலும் இதே வகைப்பட்டது. உன் ஒட்டகங்கள் என்ன நிறம், அவற்றுள் சாம்பல் நிறத்தது ஏதும் உண்டா, அது எங்கிருந்து வந்தது என்று நபிகள் அவரையே கேட்டார்கள். ஏதோ ஒரு முன்னோரின் வழியாக வந்திருக்கும் என்று அவர் சொன்னதும், இந்தக் குழந்தையும் அப்படியே என்றார்கள். கறுப்பை விளக்கம் தேவைப்படும் ஒன்றாக அந்த மனிதர் பார்த்தார். பதில் அந்தப் பார்வையையே கலைத்துவிடுகிறது.

அதாவு இப்னு அபீரபாஹ் (இறப்பு கி.பி. 732 வாக்கில்) அறிவித்த ஒரு செய்தி தனியாகக் கவனிக்க வேண்டியது. சொர்க்கத்துக்கு உரிய பெண் ஒருத்தியைக் காட்டட்டுமா என்று நபிகளின் தோழர் இப்னு அப்பாஸ் அவரிடம் கேட்டு, ஒரு கறுப்பு நிறப் பெண்ணைச் சுட்டினார். வலிப்பு நோயால் வருந்திய அவள், நோய் நீங்கப் பிரார்த்தனை செய்யவா, பொறுத்திருந்து சொர்க்கம் பெறுகிறாயா என்று நபிகள் கேட்டபோது பொறுமையைத் தேர்ந்தவள். வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் வேண்டிக்கொண்டவள். இந்தச் செய்தியைத் தலைமுறைகளுக்குக் கடத்திய அதாவு தாமே கறுப்பர். மக்காவின் தலைமை மார்க்க அறிஞராக மதிக்கப்பட்டவர். உமையாக்கள் காலத்தில் ஹஜ்ஜுப் பருவத்தில் ஃபத்வா வழங்கும் உரிமை பெற்றிருந்தவர். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்புப் பெண் இறந்ததைத் தமக்குச் சொல்லாமல் அடக்கிவிட்டார்கள் என்று அறிந்த நபிகள் அவள் கப்ருக்கே சென்று தொழுத செய்தியும் புகாரியில் உள்ளது.

எல்லா அறிவிப்புகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல. உலர்ந்த திராட்சை போன்ற தலையுடைய அபிசீனிய அடிமை உங்களுக்குத் தலைவனாக்கப்பட்டாலும் கீழ்ப்படியுங்கள் என்ற நபிமொழி, கறுப்பர் தலைமையை ஏற்கச் சொல்கிறதா, அல்லது கேட்போர் எண்ணிப் பார்க்கவே முடியாத கடைக்கோடி எடுத்துக்காட்டாக அதைச் சொல்கிறதா என்று இரண்டு விதமாகவும் படிக்கப்பட்டது. அடிமை முறையும் தொடர்ந்தது. அடிமையை விடுவிப்பதைக் குர்ஆன் செங்குத்தான ஏற்றத்தில் ஏறுவதற்கு ஒப்பான உயர் அறமாக வைத்தது (90:11-13), ஒழிக்கவில்லை.

கறுத்தவரைவிடச் சிவந்தவருக்கோ, அரபி அல்லாதவரைவிட அரபிக்கோ இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்ற, நபிகளின் இறுதி ஹஜ் உரை வாசகம் உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது. இது அஹ்மத் இப்னு ஹன்பலின் ‘முஸ்னத்’ நூலில் இருக்கிறது. முஸ்லிமின் தொகுப்பில் தோழர் ஜாபிர் விரிவாகச் சொல்லும் ஹஜ் வரலாற்றில் இந்த வாசகம் இல்லை. இன்று சுவர்களில் சட்டமிட்டு மாட்டப்படும் முழு உரை பல அறிவிப்புகளைச் சேர்த்துத் தைத்தது. அதனால் அதன் கருத்து வலுவிழந்துவிடவில்லை. அபூதர், உஸாமா செய்திகள் அதே நெறியைத் தனித்தனியாக நிறுவுகின்றன.

பேரரசு விரிந்ததும் நெறிக்கும் நடப்புக்கும் இடையே தூரம் கூடியது. எகிப்து வெற்றியைப் பற்றி எழுதிய இப்னு அப்துல்ஹகம் (இறப்பு 871) தரும் ஒரு காட்சியில், அரபுத் தூதுக்குழுவின் தலைவராக வந்த உபாதா இப்னு ஸாமித்தின் கருநிறத்தைக் கண்டு எகிப்தியத் தலைவர் வேறு யாரையாவது பேசச் சொல்கிறார். எங்களில் சிறந்தவர் இவர்தான், நிறம் எங்களுக்குப் பொருட்டல்ல என்கிறது குழு. எழுதியவர் தம் சமூகத்தைப் பற்றி நம்ப விரும்பிய படம் இது. மறுபுறம், அதே நூற்றாண்டில் பாஸ்ராவின் உவர்நிலங்களில் உழைத்த கிழக்கு ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 869 முதல் 883 வரை அந்த ஸன்ஜ் எழுச்சி நீடித்தது. பாஸ்ராவின் பேரெழுத்தாளர் அல்ஜாஹிழ், வெள்ளையரைவிடக் கறுப்பரின் மேன்மையைப் பேசும் ஒரு நூலையே எழுதினார். அவருடைய கறுப்பர் பட்டியலில் அபிசீனியரோடும் ஸன்ஜ்களோடும் இந்தியரும் இடம்பெறுகிறார்கள் என்பது தமிழ் வாசகருக்கு உரிய செய்தி.

கறுப்பை இழிவாக்கும் கதை ஒன்று வெளியிலிருந்து உள்ளே வந்தது. நூஹ் நபியின் மகன் ஹாம் சபிக்கப்பட்டான், அவன் வழியினர் கறுத்தார்கள் என்ற கதை குர்ஆனில் எங்கும் இல்லை. பைபிளின் ஆதியாகமத்திலும் சாபம் கானானுக்குத்தான். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது. யூத, கிறித்தவ வாய்வழிக் கதைகளின் சரக்கோடு வந்த இதை, வஹ்ப் இப்னு முனப்பிஹ் சொன்னதாக இப்னு குதைபா 9ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். அடிமை வணிகத்துக்கு வசதியான கதை என்பதால் அது நிலைத்தது. எதிர்ப்பும் எழாமலில்லை. பாக்தாதின் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) கறுப்பர், அபிசீனியர் ஆகியோரின் சிறப்பைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவர்களைப் பழிக்கும் ஹதீஸ்கள் யாவும் பொய் என்று இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) ஒரே வரியில் தள்ளினார். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் ஹாம் கதையை மறுத்து, நிறத்துக்குக் காரணம் தட்பவெப்பமே என்று விளக்கினார். ஆனால் தென்கோடிக் கறுப்பர் விலங்கை ஒத்தவர் என்று அவரே எழுதவும் செய்தார். அறிவு சாபத்தை விலக்கியது, இளக்காரத்தை விலக்கவில்லை.

சட்ட நூல்களில் இளக்காரம் திருமணப் பொருத்தத்தின் வழியாக நுழைந்தது. ‘கஃபாஅத்’ எனப்படும் இந்த விதி, மணமகன் மணமகளுக்கு ஈடானவனா என்று பார்ப்பது. சட்ட அறிஞர் மாலிக் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார். ஹனஃபி, ஷாஃபி சட்ட மரபுகளின் நூல்கள் குலத்தையும் அரபியா அல்லவா என்பதையும் கணக்கில் எடுத்தன. ஹனஃபி நூல்கள் தொழிலையும் சேர்த்துக்கொண்டன. ஃபாத்திமா பின்த் கைஸ் உஸாமாவை மணந்த செய்தியைப் படித்த அறிஞர்களே இவ்விதிகளையும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் மரைக்காயர் ஷாஃபி வழியினர். உள்நாட்டு ராவுத்தர் ஹனஃபி வழியினர். இப்பிரிவுகள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டாலும், ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுவதால் இவற்றைச் சாதி அடுக்கு என்று சொல்ல முடியாது என்பது மானுடவியலாளர் மேட்டிசன் மைன்ஸின் கருத்து. வட இந்தியாவில் மேல்குடி, கீழ்க்குடி எனப் பிரிக்கும் அஷ்ரஃப், அஜ்லஃப் பிரிவினைக்கு அந்தச் சொல் பொருந்தும். முஸ்லிம்களிடமும் சாதி உண்டு என்று 1940இல் அம்பேத்கர் எழுதியபோது அவர் காட்டியது வங்காளத்து முஸ்லிம்களை.

தாமிரபரணிக் கரைக்கு அரபுக் கதைகள் வந்தபோது நிறத்தின் மதிப்பே இங்கு வேறாக இருந்தது. பொருநை கடலில் கலக்கும் இடத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டில் கறுத்தவருக்கே மதிப்பு அதிகம் என்கிறார். குழந்தைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து மேலும் கறுக்க வைப்பார்கள். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுவார்கள் என்பது அவர் தரும் செய்தி. வெளியூர்க்காரரின் மிகை அதில் இருக்கலாம். ஆயினும் இந்த மண்ணில் மனிதரைப் பிரித்தது தோலைவிடப் பிறப்புதான். எனவே பிலாலின் வரலாறு இங்கே நிறத்தின் கதையாகக் கேட்கப்படவில்லை. பிறப்பால் தாழ்த்தப்பட்டவன் உயரத்தில் ஏறி நின்ற கதையாகக் கேட்கப்பட்டது.

ஆழ்வார்குறிச்சிக்கும் கடையத்துக்கும் நடுவே உள்ள பொட்டல்புதூரில், பாக்தாதின் முஹ்யித்தீன் அப்துல்காதிர் ஜீலானி பெயரில் தர்கா இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நேர்ச்சை செலுத்தும் இடம். கடையத்தில் தங்கியிருந்த காலத்தில் (1918-1920) பாரதியார் இவ்வூருக்கு வந்து இஸ்லாத்தின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1947இல் திருச்சியில் பெரியார், பிறவி இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என்று பேசினார். அவர் எடுத்துக்கொண்டது மறுமையை அல்ல. மதம் மாறியவன் உடனே தெருவில் நிமிர்ந்து நடக்கலாம் என்பதை.

1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில், பள்ளர் சமூகத்தைச் சேர்ந்த சுமார் ஆயிரம் பேர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த இஷாஅத்துல் இஸ்லாம் சபை அதற்கு வழி செய்தது. ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் வழங்கியது. நாடெங்கும் கொந்தளிப்பு, வாஜ்பாய் முதலிய தலைவர்கள் வந்து பார்த்தார்கள், வளைகுடாப் பணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மதம் மாறியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் மரியாதை: ஆதிக்கச் சாதியாரின் கெடுபிடியும் போலீஸ் தொல்லையும் போக வேண்டும், பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுவது நிற்க வேண்டும். சிலர் பின்னர் பழைய மதத்துக்குத் திரும்பினார்கள், பெரும்பாலோர் நிலைத்தார்கள். பக்தியா, சாதிக்கு எதிரான போராட்டமா என்று ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். அபூதரைக் கண்டித்த மார்க்கத்தில் இவ்விரண்டையும் பிரிக்கவேண்டிய தேவை இல்லை.

அவர்கள் அடைந்த சமத்துவத்துக்குச் சட்டம் ஒரு விலை வைத்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை பொதுவாக இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியை அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். இஸ்லாத்துக்கும் கிறித்தவத்துக்கும் சென்றவர்கள் சேர்க்கப்படவில்லை. அந்த மதங்களில் தீண்டாமை இல்லை என்பதே சொல்லப்படும் காரணம். வேதத்தில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று கொள்ளலாகாது, மதம் மாறியவனையும் பழைய சாதிப் பெயர் சொல்லித்தான் பக்கத்துத் தெரு நடத்துகிறது என்று தலித் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வாதிடுகிறார்கள். இக்கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது.